முதல் வரிசை

தேன்கனிக்கோட்டைப் பள்ளியில்
ஆய்வகச் சுவரை அளந்தபோது
சுவிட்சுப் பெட்டியை மறந்துவிட்டோம்.
பதினெட்டுப் பத்திகளையும்
சாக்பீஸ் கோட்டில் பிரித்த பிறகுதான் தெரிந்தது:
இடது மேல்மூலை, முதல் கட்டம்,
நேராக அதன்மேல் போய் உட்கார்கிறது.

"பெட்டிய மாத்தணும்னா பொதுப்பணித்துறை வரணும்.
அதுக்குள்ள ரெண்டு போகம் ராகி எடுத்துடலாம்" என்ற முனிராஜப்பா
ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டார்:
"இத மட்டும் வேற எங்கயாச்சும் வைக்கலாமா டீச்சர்?"

வைக்கலாம்தான்.
பதினோரு வருடமாக
அந்தக் கேள்வி வகுப்பில் வராதபடி
மணியடிக்கும் நேரம் பார்த்துப் பாடம் நடத்துகிறவள் நான்.

இருப்பது ஒரே எலக்ட்ரான்.
அதைக் கொடுத்துவிட்டால் சோடியத்தின் பந்தியில் உட்காரலாம்.
ஆனால் உலோகமில்லை,
கத்தி வைத்து வெட்ட ஒன்றுமில்லை,
மண்ணெண்ணெயில் மூழ்கவைத்து
அலமாரியில் பூட்டவும் முடியாது.
இன்னொன்றை வாங்கிக்கொண்டால் குளோரின் வகையறா;
அதைப்போலவே இரண்டிரண்டாகத் திரியும் வாயு.
ஆனால் கண்ட இடத்தில் பிடுங்கும்
உப்பீனிகளின் அந்த வெறி இதற்கில்லை.
கேட்டால் கொடுக்கும்.
கிடைத்தால் வாங்கும்.
பெரும்பாலும்
பங்கு போட்டுக்கொண்டு காலம் தள்ளும்.

சொல்லி முடித்தேன்.
அவர் தூரிகையை டர்பன்டைனில் அலசிக்கொண்டிருந்தார்.
"போன தடவ கணக்கெடுக்க வந்தவர்
தாய்மொழி என்னன்னு கேட்டார்.
வீட்ல தெலுங்கு, மாமனார் ஊர்ல கன்னடம்,
போர்டு எழுதறது தமிழ்ல, கனவு எதுலன்னு தெரியாதுன்னேன்.
அவர் தாள்ல ஒரு கட்டம்தான் இருந்தது."

"என்ன எழுதினார்?"

"பென்சில்ல எழுதிக்கிட்டார்."

மறுநாள் திரைச்சீலை மாட்டும் சுருள்கம்பியோடு வந்தார்.
லித்தியத்துக்கு மேலே ஓர் ஆணி,
புளூரினுக்கு மேலே ஓர் ஆணி.
நடுவே முதல் வரிசை முழுக்க
யாரும் குடியேறாத வெள்ளைச் சுவர்.
கடைசியில் ஹீலியம் மட்டும்
எவருக்கும் ஒரு வணக்கம் வைக்காமல் ஓரமாக.
கம்பியில் இரண்டு வளையம்,
வளையத்தில் ஓர் ஒட்டுப்பலகைத் துண்டு,
அதில் செங்காவியில் ஹைட்ரஜன்.
ஜூஜூவாடியில் கழற்றிப்போட்ட வழியனுப்பு வளைவிலிருந்து
அறுத்தெடுத்த பலகை.
பின்பக்கம் அழியாமல் இருந்தது: மீண்டும் வ

இப்படியாக எங்கள் பள்ளியில்
மின்விசிறி போட வேண்டுமென்றால்
ஹைட்ரஜனைப் புளூரின் பக்கம் தள்ள வேண்டும்.
பனிக்காலத்தில் யாரும் தொடுவதில்லை;
ஐப்பசி முதல் தை வரை
சுவிட்சுகளை மறைத்துக்கொண்டு
லித்தியத்தின் தலைமேலேயே கிடக்கும்.
பங்குனி பிறந்தால் தொகுதி மாறும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி
சுவரை வெகுநேரம் பார்த்தார்.
"இது எந்தத் தொகுதி?"
பின்வரிசையில் பத்மாவதி எழுந்து சொன்னாள்:
"இப்ப மார்கழி, சார்."
அவர் எதையோ குறித்துக்கொண்டார்.
பேனாவா பென்சிலா என்று
என்னால் எட்டிப் பார்க்க முடியவில்லை.

நேற்று செய்முறைத் தேர்வு.
காலையில் கதவைத் திறந்தால்
யாரோ அவசரத்தில் வழியிலேயே விட்டுப்போயிருக்கிறார்கள்,
கார்பனுக்கு நேர் மேலே.
தள்ளக் கை நீட்டி நிறுத்தினேன்.
அங்கேயும் வைக்கலாம் என்கிற ஒரு கட்சி உண்டு:
இரண்டில் ஒன்று, எட்டில் நாலு,
பாதி நிறைந்த இரண்டு பாத்திரங்கள்.

பிள்ளைகள் பியூரெட்டைக் கழுவத் தொடங்கினார்கள்.
தளிச் சாலைப் பக்கத்திலிருந்து வந்த காற்றில்
பலகை ஒரு தடவை புரண்டு
முதுகைக் காட்டிவிட்டுத்
திரும்பிக்கொண்டது.
விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.